வேஷம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு: அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

1840இல், அன்றைய இரு பெரிய கட்சிகளுள் ஒன்றான விக் கட்சி வில்லியம் ஹென்றி ஹாரிசனை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. மரக்கட்டைக் குடிசையில் வாழும் எளிய மனிதர் என்று ஊர் ஊராகப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஊர்வலங்களில் குடிசையையே வண்டியில் ஏற்றி இழுத்துப்போனார்கள். ஹாரிசன் பிறந்ததோ வர்ஜீனியாவின் பெரிய பண்ணை வீடுகளில் ஒன்றில். அவருடைய அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். அந்தத் தேர்தலுக்கு விக் கட்சி கொள்கை அறிக்கை என்று ஒன்றை வெளியிடவே இல்லை. ஜெயித்தது. 2020இல் குடியரசுக் கட்சியும் புதிதாக அறிக்கை எழுதாமல், அதிபர் டிரம்பின் திட்டங்களை ஆதரிக்கிறோம் என்ற தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டது (அந்த முறை தோற்றது). ஆகவே "டிவி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது" என்ற புலம்பலை ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கீழே சொல்லியிருப்பது ஒரு வேட்பாளர், ஒரே ஒரு பிரச்சினை, சுமார் மூன்று மணி நேரம் என்ற அளவில் செய்யக்கூடியது. எல்லா வேட்பாளரையும் எல்லாப் பிரச்சினையிலும் அலசுவேன் என்று உட்கார்ந்தால் இரண்டாவது நாளே கைவிட்டுவிடுவீர்கள். வரி, மருத்துவக் காப்பீடு, குடியேற்றம், வெளியுறவு ஆகியவற்றுள் உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத துறையில் யார் பேசினாலும் விஷயம் தெரிந்தவர்போலத்தான் இருக்கும்.

முதலில் எழுத்து, பிறகுதான் படம்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. 2005இல் 'சயன்ஸ்' இதழில் அலெக்சாண்டர் டோடோரொவும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கான தேர்தலில் மோதிய இருவரின் முகங்களை, அவர்கள் யாரென்றே தெரியாதவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். திறமைசாலி என்று சுட்டப்பட்ட முகம் ஏறத்தாழ 70 சதவீதப் போட்டிகளில் வென்ற முகமாக இருந்தது. ஒரு வினாடி மட்டும் காட்டியபோதும் மக்களால் அப்படி முடிவெடுக்க முடிந்தது. முகம் முதலில் மனத்தில் ஏறிவிட்டால், பிறகு படிக்கும் கொள்கையெல்லாம் அந்த முகத்துக்குச் சாட்சி தேடும் வேலையாகிவிடும்.

உரைகளின் முழு எழுத்துவடிவம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் 'அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1840 முதலான கட்சிக் கொள்கை அறிக்கைகளும் அங்கேயே உண்டு. மூன்றை எடுங்கள்: கட்சி மாநாட்டில் வேட்பாளர் ஆற்றிய ஏற்புரை, நீங்கள் தேர்ந்தெடுத்த பிரச்சினை குறித்த ஓர் உரை, ஒரு நீண்ட நேர்காணல். மூன்றில் நேர்காணல்தான் முக்கியம். ஏற்புரையை ஒரு குழு எழுதும். நேர்காணலில் இரண்டாவது துணைக் கேள்விக்கு வரும் பதிலை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது அங்கேதான் வெளிப்படும்.

கட்சி அறிக்கையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்ட் மாநாட்டில் ஜனநாயகக் கட்சி ஏற்றுக்கொண்ட அறிக்கையோ அவருடைய இரண்டாவது பதவிக்காலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. வேட்பாளர் கமலா ஹாரிஸ். யாரும் திருத்தவில்லை.

வாக்கியத்தை உரித்தல்

எடுத்த பக்கங்களை அச்சிட்டு, எதிர்காலத்தைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு போடுங்கள். "செய்வேன்", "கொண்டுவருவேன்", "நிறுத்துவேன்" என்று முடிபவை மட்டும் போதும். பிள்ளைப் பருவக் கதை, அம்மா பட்ட கஷ்டம், எதிராளியைக் கிண்டல் செய்யும் வரி எதற்கும் கோடு கிடையாது. கோடு போட்ட ஒவ்வொரு வாக்கியத்திடமும் நான்கு கேள்வி: என்ன மாறும், எவ்வளவு மாறும், எந்த அதிகாரத்தால், யார் காசில். பதில் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

"உழைக்கும் குடும்பங்களுக்காகப் போராடுவேன்" என்பதற்குப் பூச்சியம். "நடுத்தர வர்க்கத்தின் வரிச்சுமையைக் குறைப்பேன்" என்பதற்கு ஒன்று. என்ன மாறும் என்பது மட்டும் தெரிகிறது, அதுவும் மங்கலாக. "இத்தனை டாலருக்குக் கீழ் சம்பாதிப்பவர்களுக்கு இந்த வரிவிகிதம் இவ்வளவு சதவீதமாகும், இதற்கான சட்ட முன்வரைவைக் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அனுப்புவேன், இழப்பை நிறுவன வரியிலிருந்து ஈடுகட்டுவேன்" என்றால் நான்கு. ஒரு ஏற்புரையில் நான்கு மதிப்பெண் வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அது ஏற்புரையின் இயல்பு. அதற்காக வேட்பாளரைத் தள்ளிவிட வேண்டாம். கொள்கை உரையிலும் நேர்காணலிலும் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. துல்லியமாகச் சொல்பவர்தான் மாட்டிக்கொள்வார். 1988 ஆகஸ்ட் மாநாட்டில் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் "என் உதடுகளைப் படியுங்கள், புதிய வரி கிடையாது" என்றார். 1990இல் பற்றாக்குறையைக் குறைக்க காங்கிரஸோடு உடன்பாட்டுக்கு வந்தபோது, உச்ச வருமான வரி விகிதம் 28 சதவீதத்திலிருந்து 31ஆக ஏறியது. 1992இல் அந்த ஒரு வாக்கியத்தையே எதிராளிகள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். "வரி விஷயத்தில் பொறுப்போடு நடப்பேன்" என்று சொல்லியிருந்தால் பிடிக்க இடமே இருந்திருக்காது. வேட்பாளர்களின் ஆலோசகர்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள். மழுப்பல் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. கணக்குப் போட்டுத்தான் வருகிறது.

அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி தனியாகக் கொஞ்ச நேரம் கேட்கும். அமெரிக்க அரசியல் சட்டப்படி கஜானாச் சாவி காங்கிரஸிடம். செனட்டில் பெரும்பாலான சட்டங்களுக்கு விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும். பட்ஜெட் தொடர்பான சிலவற்றை மட்டும் சாதாரணப் பெரும்பான்மையில் நகர்த்த முடியும். அதிபர் தனியாகச் செய்யக்கூடியவை நிர்வாக ஆணைகள், நியமனங்கள், பெருமளவுக்கு வெளியுறவு, மன்னிப்பு வழங்குதல். வாக்குறுதியை இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள்.

பெட்டி மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கட்சி பேதமில்லாமல் சான்று உண்டு. பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களைக் கியூபாவில் அடைத்துவைத்த குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூடும்படி ஒபாமா 2009 ஜனவரி 22 அன்று, பதவியேற்ற மூன்றாம் நாள், ஆணையிட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்கு மாற்றப் பணம் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் தடை போட்டது. அவர் எட்டாண்டு ஆண்டுவிட்டுப் போனார், சிறை அங்கேயே இருந்தது. மெக்சிகோ காசில் எல்லைச் சுவர் கட்டுவேன் என்று டிரம்ப் 2016இல் சொன்னார். 2018 டிசம்பரில் சுவருக்காக 570 கோடி டாலரைத் தன் காங்கிரஸிடமே கேட்டு, அது கிடைக்காமல் அரசாங்கத்தின் ஒரு பகுதி 35 நாள் முடங்கியது. பைடனின் கல்விக் கடன் தள்ளுபடித் திட்டம் சுமார் 40,000 கோடி டாலர் மதிப்புடையது. அதற்கான அதிகாரத்தைக் காங்கிரஸ் தரவில்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தள்ளிவிட்டது.

மூவரும் முயன்றார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "அரசியல்வாதி சொல்வதையெல்லாம் காற்றில் விட்டுவிடுவான்" என்ற பொதுப்பேச்சு இங்கே உதவாது. வாக்குறுதி உடைவதற்கு எண்ணமில்லாமை ஒரு காரணம், வழியில்லாமை வேறொரு காரணம். வழியைப் பற்றிப் பிரசாரத்திலேயே பேசியவருக்கு அரை மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

காசுக் கணக்கு

காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் நடுநிலையானதுதான், ஆனால் அது சட்ட முன்வரைவுகளைத்தான் கணக்கிடும்; வேட்பாளர்களின் திட்டங்களைத் தொடாது. அந்த வேலையை வெளியே செய்பவர்கள் 'டேக்ஸ் பாலிசி சென்டர்', 'பென் வார்ட்டன் பட்ஜெட் மாடல்', 'கமிட்டி ஃபார் எ ரெஸ்பான்சிபிள் ஃபெடரல் பட்ஜெட்' போன்ற அமைப்புகள். இரண்டின் மதிப்பீட்டையாவது அருகருகே வையுங்கள்.

இங்கே வழக்கமாக ஏமாறும் இடம் காலக்கணக்கு. வாஷிங்டனில் தொகைகளைப் பெரும்பாலும் பத்தாண்டுக்குச் சொல்வார்கள். தன் திட்டத்தின் சேமிப்பைப் பத்தாண்டுக்கும் செலவை ஓராண்டுக்கும் சொன்னால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் இருக்கும். இன்னொன்று, "வெட்டு" என்ற சொல். செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஏறும் வேகத்தைக் குறைத்தாலும் அதை "வெட்டிவிட்டார்" என்று எதிராளி சொல்வார். எதோடு ஒப்பிட்டு வெட்டு என்று பாருங்கள்: நேற்றைய செலவோடா, நாளைக்கு ஆகியிருக்கும் செலவோடா?

பழைய வாக்குகளைப் படிப்பது

வேட்பாளர் செனட்டிலோ பிரதிநிதிகள் சபையிலோ இருந்தவரானால், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பதை 'காங்கிரஸ்.கவ்' தளத்தில் பார்க்கலாம். ஆளுநராக இருந்தவரானால் மாநில பட்ஜெட்டும், மசோதாக்களை மறுத்தபோது எழுதிய விளக்கக் கடிதங்களும்தான் சரக்கு. வியாபாரியாகவோ ராணுவத்தினராகவோ வந்தவருக்கு இந்தத் தடம் மெலிதாக இருக்கும். அவர் சொத்து விவர அறிக்கை கட்டாயம் தர வேண்டும், வரித் தாக்கலை வெளியிடுவது மட்டும் அவர் விருப்பம்.

தனி வாக்கு ஒன்றை எடுத்து ஆளை எடைபோட்டால் கால் இடறும். 2004 மார்ச்சில், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை எதிர்த்து நின்ற செனட்டர் ஜான் கெர்ரி, ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்கான 8,700 கோடி டாலரைப் பற்றி, "எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் ஆதரித்து வாக்களித்தேன்" என்றார். மாலைக்குள் அவர் பேச்சுமாறி ஆகிவிட்டார். நடந்தது இதுதான்: பணக்காரர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் திருத்தத்தை ஆதரித்தார், அது தோற்ற பிறகு, கடன்பட்டுச் செலவழிக்கும் இறுதி மசோதாவை எதிர்த்தார். ஏற்பதும் மறுப்பதும் படிப்பவர் பாடு, ஆனால் அதில் ஒரு நிலைப்பாடு இருந்தது. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லப்போய்க் கெடுத்துக்கொண்டவர் அவரேதான். அந்தச் செப்டம்பரில் புஷ் தரப்பு விளம்பரம் கெர்ரி பாய்மரப் பலகையில் இங்கும் அங்கும் திரும்பும் காட்சியைப் போட்டது. பேச்சுமாறி என்ற சொல்லுக்குப் படம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது படத்தைப் பாருங்கள்

பிரசாரக் காட்சி ஒன்றை இரண்டு முறை பார்க்க வேண்டும்: ஒருமுறை ஒலியை அணைத்து, ஒருமுறை திரையை மறைத்து. ஒலியில்லாமல் பார்க்கும்போது பேச்சைப் பற்றி யோசிக்காமல் இவற்றைக் குறியுங்கள்: பின்னால் நிற்பவர்கள் யார், என்ன உடை, கொடி எத்தனை, சட்டைக்கை மடித்திருக்கிறதா, கேமரா தாழ்ந்து மேலே பார்க்கிறதா. வேட்பாளருக்குப் பின்னால் உட்காரும் கூட்டம் தானாக அமைவது அபூர்வம். ஆட்களைத் தேர்ந்து உட்கார வைத்து, பதாகையைக் கையில் கொடுத்து, கேமராவுக்கு மேடை கட்டுவதற்கென்றே முந்தைய நாளே ஊருக்கு வந்துவிடும் குழு ஒன்று இருக்கும்.

1984இல் சிபிஎஸ் டிவி நிருபர் லெஸ்லி ஸ்டால், அதிபர் ரீகனின் காட்சிகள் அவருடைய கொள்கைக்கு முரணாக இருப்பதாக நீண்ட விமர்சனச் செய்தி ஒன்றை ஒளிபரப்பினார். அதற்கு ஆதாரமாகக் காட்டியது அந்த அழகான காட்சிகளையே. வெள்ளை மாளிகையிலிருந்து கோபம் வரும் என்று எதிர்பார்த்தவருக்கு நன்றிதான் வந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். படம் நன்றாக இருந்தால் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஒலியணைப்புச் சோதனை இதற்காகத்தான்.

இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்று பார்க்க 1952க்குப் போகலாம். ஐசனோவரின் இருபது வினாடி டிவி விளம்பரங்களில் சாதாரண மக்கள் அண்ணாந்து பார்த்து விலைவாசியைப் பற்றிக் கேட்பார்கள். அவர் குனிந்து பதில் சொல்வார். உண்மையில் இருவரும் சந்திக்கவே இல்லை. பதில்களை ஒரே நாளில் ஸ்டுடியோவில் பெரிய எழுத்து அட்டைகளைப் பார்த்துப் படித்து முடித்தார், கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு. கேள்விகளைப் பிறகு நியூயார்க் வந்திருந்த சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவந்து படிக்க வைத்தார்கள். இரண்டையும் ஒட்டியதும் உரையாடல் தயார்.

வேஷம் பொருந்தாவிட்டால் திருப்பிக் கடிக்கும். 1988 செப்டம்பர் 13 அன்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் மிச்சிகனில் ஓர் ஆலையில் பெரிய ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டாங்கியில் வலம்வந்தார். பாதுகாப்பில் பலவீனமானவர் என்ற பேச்சை அழிக்கச் செய்த காட்சியையே எடுத்து எதிர்த்தரப்பு விளம்பரமாக்கியது. அணு ஆயுதம் சாராத படைப்பலத்தை வலுப்படுத்த வேண்டும் என்ற அவருடைய கொள்கை நிஜமாகவே இருந்தது. அது அந்த ஹெல்மெட்டுக்குள் காணாமல் போனது. ஆக, மோசமான படத்தை வைத்துக் கொள்கையில்லை என்று முடிவுகட்டுவதும் அதே தவறுதான்.

விவாத இரவு

1960 செப்டம்பர் 26, சிகாகோ. முழங்கால் தொற்றோடு மருத்துவமனையில் கிடந்து மெலிந்திருந்த நிக்சன், பின்திரையோடு கரைந்துபோகும் வெளிர் சாம்பல் சூட். எதிரே கறுத்த சூட்டில் கென்னடி. வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் டிவி பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும் நினைத்தார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். ஆதாரமான கருத்துக்கணிப்பில் வானொலி கேட்டவர்கள் சில நூறு பேர்தான். டிவி குறைவாக இருந்த பகுதிகளில் ஏற்கெனவே நிக்சன் பக்கம் சாய்ந்தவர்கள் அதிகம் என்ற சிக்கலும் உண்டு. 2003இல் வெளியான ஜேம்ஸ் டிரக்மனின் சோதனைதான் உறுதியானது: அந்த விவாதத்தைப் பற்றி முன்பின் தெரியாத மாணவர்களில், படத்தோடு பார்த்தவர்கள் ஒலி மட்டும் கேட்டவர்களைவிடக் கென்னடியை அதிகம் வென்றவராகக் கருதினார்கள், ஆளுமையை வைத்து அதிகம் தீர்ப்புச் சொன்னார்கள்.

யாரும் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டுப் பிரசாரத்தில் கென்னடி, சோவியத் ஏவுகணைகளில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். அது பெரிய, கனமான, கொள்கை சார்ந்த குற்றச்சாட்டு. 1961இலேயே உண்மை நேர்மாறு என்று தெரிந்துவிட்டது. கனமாகப் பேசுவதும் தவறாக இருக்கலாம்.

விவாதத்தைப் பார்க்கும்போது காகிதத்தில் மூன்று நெடுவரிசை போதும்: கேட்ட கேள்விக்குப் பதில், வேறு கேள்விக்குப் பதில், எதிராளியைப் பற்றிய பேச்சு. ஒவ்வொரு பதிலின் முதல் முப்பது வினாடிக்கும் ஒரு குறி. தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் அன்றிரவு வேறு எதையும் பார்க்காமல் படுத்துவிடுங்கள். மறுநாள் சுற்றும் துண்டுகளே விவாதத்தின் நினைவாகிவிடும்; 2000இல் ஆல் கோர் விட்ட பெருமூச்சுகள் அப்படித்தான் அவருடைய பதில்களை விழுங்கின. ஊடக ஆய்வாளர் டேனியல் ஹாலின் கணக்குப்படி 1968இல் டிவி செய்தியில் வேட்பாளரின் தொடர்ச்சியான பேச்சு சராசரியாக 43 வினாடி. 1988இல் 9 வினாடி. ஒன்பது வினாடியில் நான்கு மதிப்பெண் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

குணம் வேஷத்தில் சேராது

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு "ஆளைப் பற்றிக் கவலையில்லை, திட்டம்தான் முக்கியம்" என்று போவதும் சரிவராது. அதிபர் முன் வரும் பெரிய முடிவுகள் பிரசாரத்தில் யாரும் கேட்காதவை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932 அக்டோபரில் பிட்ஸ்பர்கில், அரசுச் செலவைக் கால் பங்கு குறைப்பேன் என்ற கட்சி வாக்குறுதியை ஏற்றுப் பேசினார். ஆட்சிக்கு வந்ததும் செய்தது அதற்கு நேர் எதிர். அவரை வாக்குறுதியை வைத்து மட்டும் எடைபோட்டிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது.

ஆனால் குணத்தையும் தடயத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: நஷ்டம் வரும் என்று தெரிந்தும் எடுத்த ஒரு முடிவு, தன்னிடம் வேலை பார்த்தவர்கள் எவ்வளவு காலம் நீடித்தார்கள், தவறு தெரிந்தபோது என்ன செய்தார், கருத்தை மாற்றியபோது காரணம் சொன்னாரா. "பழக இனிமையானவர்" என்பது இதில் சேராது. 2000, 2004 தேர்தல்களில் யாரோடு உட்கார்ந்து பீர் குடிக்கப் பிடிக்கும் என்ற கேள்வி ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குச் சாதகமாகச் சுற்றியது. அவர் 1986இலேயே குடியை விட்டவர். சரக்கு என்ற சொல்லின் எந்த அர்த்தத்திலும் அந்தக் கேள்வியில் சரக்கில்லை.

தோற்றமே சரக்காகும் நேரமும் வரும். 2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறியதை வெறும் தோற்றம் என்று ஒதுக்கியிருக்க முடியாது. இன்னும் நான்காண்டு வேலை பார்க்க முடியுமா என்பதே அங்கே கேள்வி. காட்சி எதற்குச் சாட்சி என்று கேளுங்கள். பதவியின் வேலைக்குச் சாட்சியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டின் நிறத்துக்கென்றால் விடுங்கள்.

எங்கே பிசகும்

பிடித்த வேட்பாளரிடம் தொடங்கினால் மதிப்பெண் தாராளமாக விழும். பிடிக்காதவரை முதலில் செய்துவிட்டு, அதே கண்டிப்போடு உங்களவருக்குப் போடுங்கள். முடிந்தால் உரையிலிருந்து பெயர்களை அடித்துவிட்டு வேறொருவரைத் திருத்தச் சொல்லுங்கள்.

பக்க எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். கொள்கையும் வேஷமாகலாம். 1992இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ அரைமணி நேர விளம்பர நிகழ்ச்சிகளில் வரைபட அட்டைகளைத் தூக்கிக் காட்டிப் பற்றாக்குறையை விளக்கினார். ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கினார், அதிபரைத் தீர்மானிக்கும் மாநிலவாரியான தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை. அந்த எண்களில் விஷயம் இருந்தது, ஆனால் "கணக்குத் தெரிந்த ஆள்" என்ற பிம்பத்தைக் கட்டியதும் அதே அட்டைகள்தான்.

விளம்பரத்தில் "இந்தச் செய்தியை நான் அங்கீகரிக்கிறேன்" என்று வேட்பாளர் குரல் வந்தால் அது அவர் பிரசாரக் குழுவினுடையது. 2002 சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்தக் குரல் இல்லாமல், எந்த வேட்பாளரும் அங்கீகரிக்காதது என்ற சிறு எழுத்து வந்தால் வெளிக்குழுவின் வேலை. பணம் கொடுத்தவர் பட்டியலை ஃபெடரல் தேர்தல் ஆணையத் தளத்தில் தேடலாம், எல்லாக் குழுவும் அங்கே கிடைக்காது. வெளிக்குழு சொன்னதை வேட்பாளரின் வாக்குறுதியாக உங்கள் தாளில் ஏற்றிவிடாதீர்கள்.

தாளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஜெயித்தவர் காங்கிரஸுக்கு அனுப்பும் முதல் பட்ஜெட் கோரிக்கை வரும்போது (சட்டப்படி பிப்ரவரி முதல் திங்கள், புதிய அதிபர்கள் பெரும்பாலும் தாமதிப்பார்கள்) நான்கு மதிப்பெண் வாங்கிய வாக்கியங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று தேடி எழுதுங்கள்.